மாந்தீவிலிருந்து தோல் கிளினிக் வரை: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் அழற்சியின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவு, இலங்கையின் தொழுநோய் வரலாற்றில் கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெந்தளைக்கு அடுத்ததாகப் பேசப்படும் இடம். ஹெந்தளை வைத்தியசாலையை ஒல்லாந்தர் 1708இல் நிறுவினர். மாந்தீவு வைத்தியசாலை பிரித்தானியர் ஆட்சியில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது. படகு இல்லாமல் அங்கே போகவும் முடியாது, அங்கிருந்து திரும்பவும் முடியாது. நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்று நம்பிய காலத்துக்கு அந்தத் தீவு பொருத்தமாக அமைந்தது.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தின் பலமும் இருந்தது. 1901ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம், நோயாளரைப் பிடித்து வைக்கவும் தனியிடத்தில் அடைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. தீவுக்கு அனுப்பப்பட்டவர் குடும்பத்தையும் தொழிலையும் சேர்த்தே இழந்தார். பலர் அங்கேயே முதுமை எய்தி, அங்கேயே இறந்தனர். ஊரில் எஞ்சியிருந்த உறவினர் அவர் பெயரைச் சொல்லவும் தயங்கினர். இத்தனைக்கும் காரணமான நோய் எப்படி உடலைச் சிதைக்கிறது என்பது அப்போது சரிவர விளங்கவில்லை. விரல்களும் பாதங்களும் கண்களும் கெடுவதற்குக் கிருமியை விடப் பெரிய காரணம், அக்கிருமிக்கு எதிராக உடலே மூட்டும் அழற்சி. கிருமியைக் கொல்லவும் அந்த அழற்சியை அடக்கவும் வழி தெரிந்த பின்னரே மாந்தீவின் தேவை குறையத் தொடங்கியது.

வாவியும் வெயிலும்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள நிலம் எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி ஆகிய ஊர்கள் அந்தக் கரையில் உள்ளன. மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை என வயல் சார்ந்த ஊர்களைக் கொண்டது படுவான்கரை. தோணியில் வலை வீசுவோரும், வயலில் நாற்று நடுவோரும், வெட்டுவோரும், மாடு மேய்ப்போரும் பகலின் பெரும்பகுதியை வெட்ட வெளியில் கழிக்கும் பிரதேசம் இது.

மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வெயிலில் உள்ள கழியூதாக் கதிர்கள், அதாவது புறஊதாக் கதிர்கள், இந்த அகலாங்கில் ஆண்டு முழுவதும் கடுமையாகவே விழுகின்றன. 315 முதல் 400 நானோமீற்றர் வரையான நீண்ட அலைகள் தோலின் உட்படை வரை செல்கின்றன. 280 முதல் 315 நானோமீற்றர் வரையான குறுகிய அலைகள் பெரும்பாலும் மேற்படையிலேயே உறிஞ்சப்படுகின்றன. அவற்றின் தாக்கமே வலியது.

குறுகிய அலைகள் மேற்படைக் கலங்களின் மரபணு இழைகளைச் சேதப்படுத்துகின்றன. சேதமுற்ற கலங்கள் இன்டர்லூக்கின்கள், டிஎன்எஃப் ஆல்பா, புரோஸ்டகிளாண்டின் ஆகிய செய்திப் பொருட்களை வெளியிடுகின்றன. அவற்றால் இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவந்து எரிகிறது. இந்தச் சிவப்பு உடனே உச்சத்துக்கு வருவதில்லை. வெயில் பட்டு 12 முதல் 24 மணி நேரத்தில்தான் அது முழுதாகத் தெரியும். கரிய தோலில் சிவப்பு குறைவாகவே புலப்படும். எரிச்சலும் அடுத்த நாட்களில் தோல் மேலும் கறுப்பதுமே அங்கே அதன் அடையாளங்கள்.

இதே வெயிலுக்கு இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு. கதிர் பட்டதும் தோலின் காவற் கலங்களான லாங்கர்ஹான்ஸ் கலங்கள் மேற்படையிலிருந்து குறைகின்றன. தோலில் இயல்பாக உள்ள யூரோக்கானிக் அமிலம் வடிவம் மாறி நோயெதிர்ப்பைத் தணிக்கிறது. அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்து கலங்கள் பெருகுகின்றன. முதலில் மூட்டுவதும் பின்னர் தணிப்பதும் வெயிலின் இயல்பு. சில நோய்களுக்கு வெயில் மருந்தாகவும், லூப்பஸ் போன்ற வேறு சில நோய்களுக்கு அதுவே தூண்டுதலாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த இரட்டைத் தன்மைதான்.

வெயிலை மருந்தாக்கிய காலம்

வெயிலின் தணிக்கும் குணத்தைத் தமிழரின் வைத்திய மரபு வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தது. வெண்குட்டத்துக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி, நோயாளரை இளவெயிலில் இருக்கச் சொல்லும் முறை சித்த, ஆயுர்வேத வைத்தியங்களில் உண்டு. கார்போகரிசியில் சோராலன் என்ற வேதிப்பொருள் இருப்பதும், அது வெயிலுடன் சேரும்போது தோற்கலங்கள் ஒளிக்குக் கூடுதலாக மசியும் என்பதும் பிற்கால ஆய்வில் தெரியவந்தன. 1974இல் சோராலனையும் நீண்ட அலைக் கழியூதா விளக்கையும் இணைத்த சிகிச்சை, சொரியாசிஸ் என்னும் செதில் நோய்க்கு அமெரிக்காவில் அறிமுகமானது. 311 நானோமீற்றர் அளவான கதிரை மட்டும் தரும் விளக்குகள் 1980களில் வந்து, இன்று தோல் வைத்தியத்தில் பரவலாகப் பயன்படுகின்றன.

மேலைநாட்டில் ஒளிச் சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளமிட்டவர் பரோத் தீவுகளில் பிறந்த நீல்ஸ் ஃபின்சன். முகத்தைத் தின்னும் தோற் காசநோயை ஒளியால் குணப்படுத்த முடியும் என்று காட்டியதற்காக 1903இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் தொழுநோயை ஒளியால் வெல்ல முடியவில்லை. நரம்புகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை எந்தக் கதிரும் எட்டுவதில்லை.

ஆகவே அக்காலத் தொழுநோய் வைத்தியசாலைகளில் பெரிதும் நம்பப்பட்ட மருந்து நீரடிமுத்து எண்ணெய்தான். இம்மர இனத்தின் இலங்கை வகையைச் சிங்களத்தில் மகுளு என்பர். எண்ணெயைக் குடிக்கக் கொடுத்தனர். குமட்டல் தாங்காதபோது ஊசியால் தோலுக்குள் ஏற்றினர். ஏற்றிய இடங்கள் வீங்கிச் சீழ் கட்டுவதும் உண்டு. நோய் மாறியவர்கள் குறைவு. அடைபட்ட வாழ்க்கையோடு இந்த வேதனையும் சேர்ந்ததே தனிமைப்படுத்தல் காலத்து நோயாளரின் அனுபவம்.

கிருமி செத்தும் அடங்காத நோய்

தொழுநோய்க் கிருமியை நோர்வேயின் ஆர்மோர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். உடலின் குளிர்ந்த பகுதிகளையே அது விரும்புகிறது. தோல், மூக்கு, முழங்கைக்கும் முழங்காலுக்கும் அருகே தோலுக்குக் கீழ் ஓடும் நரம்புகள் ஆகியவற்றில் அது தங்குவதற்குக் காரணம் அதுவே. தொற்றிய பின் நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலரிடம் 20 ஆண்டுகளும் செல்லலாம். பெரும்பாலான மனிதருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. இதை அறிந்து பார்க்கும்போது, தீவுகளில் அடைத்து வைத்த கொடுமையின் பெரும்பகுதி தேவையற்றது என்பது தெளிவாகிறது.

கிருமியைக் கொல்லும் முதல் மருந்துகள் 1940களில் வந்தன. 1941இல் அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலையில் புரோமின் என்ற சல்போன் மருந்து பயன்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் வைத்தியசாலையில் ரொபர்ட் கொக்ரேன் அதே வகை மருந்தான டாப்சோனைப் பரீட்சித்தார். 1950களில் டாப்சோன் மலிவான வில்லையாகப் பல நாடுகளுக்கும் பரவியது. இலங்கையில் தொழுநோய் எதிர்ப்பு இயக்கம் 1954இல் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டு மாற்றக்கூடிய நோயாகத் தொழுநோய் மாறத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

ஆயினும் வைத்தியர்களைத் திகைக்க வைத்த ஒரு நிலை இருந்தது. மருந்து தொடங்கிய பின் சில நோயாளருக்குத் தேமல் போன்றிருந்த பழைய படைகள் திடீரெனச் சிவந்து வீங்கின. முழங்கையில் நரம்பு தடித்து, தொட்டாலே வலித்தது. ஓரிரு வாரத்தில் சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கிப்போயின. சிலருக்குப் பாதம் தொங்கியது. இன்னும் சிலருக்குக் காய்ச்சலுடன் நோகும் சிவந்த முடிச்சுகள் உடலெங்கும் எழுந்தன. கண்ணும் சிவந்து பார்வை கெட்டது. கிருமி குறைந்துகொண்டிருந்தபோதே நோயாளர் ஊனமுற்றனர்.

இதைத் தொழுநோயின் எதிர்வினை என்கின்றனர். அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், உறங்கிக் கிடந்த நோயெதிர்ப்புக் கலங்கள் விழித்து, தோலிலும் நரம்பிலும் உள்ள கிருமிகளையும் அவற்றின் சிதைவுகளையும் தாக்குகின்றன. கிருமி நரம்புக்குள் இருப்பதால் தாக்குதலில் நரம்பும் நசிகிறது. நரம்பைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது. ஆதலால் உள்ளே வீக்கம் கூடக்கூட நரம்புக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இரண்டாம் வகை, கிருமிகள் மிகுந்த நோயாளரிடம் வருவது. இறந்த கிருமிகளின் கூறுகளும் எதிர்ப்பொருட்களும் சேர்ந்து பல இடங்களில் படிந்து அழற்சியை மூட்டுகின்றன. இரண்டு வகையிலும் டிஎன்எஃப் ஆல்பா கூடுகிறது. வெயில் சுட்ட தோற்கலம் வெளியிடுவதும் அதே பொருளைத்தான்.

உணர்ச்சி இழந்த கைக்கு என்ன நேரும் என்பதைத் தெளிவாக்கியவர் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய போல் பிராண்ட். விரல்கள் நோயினால் உதிர்வதில்லை, வலி தெரியாத கையில் சூடும் வெட்டும் காயமும் தொடர்ந்து பட்டுச் சிதைகின்றன என்று அவர் நிறுவினார். அழற்சி நரம்பைக் கொல்கிறது. நரம்பு செத்த கை அன்றாட வேலையில் அழிகிறது. நடுவே தடுக்க வேண்டியது நரம்பின் அழற்சியை.

ஸ்டெரொய்ட் வந்த வழி

அழற்சியை விரைந்து அடக்கும் மருந்து வேறொரு நோய்க்காகக் கண்டெடுக்கப்பட்டது. சிறுநீரகங்களின் மேல் உள்ள அதிரீனல் சுரப்பியின் புறப்பகுதி கோர்ட்டிசோல் என்னும் ஹோர்மோனைச் சுரக்கிறது. அதன் உறவுப் பொருளான கோர்ட்டிசோனை 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிய நோயாளி ஒருவருக்கு ஏற்றினார். சில நாட்களில் அந்த நோயாளி எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், தாதேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1952இல் சுல்ஸ்பெர்கர், விட்டன் ஆகியோர் ஹைட்ரோகோர்ட்டிசோனைக் களிம்பாகத் தோலில் பூசினாலும் பயன் உண்டு என்று காட்டினர். பிரெட்னிசொலோன் வில்லை 1950களின் நடுவில் பாவனைக்கு வந்தது.

ஸ்டெரொய்ட் எனப்படும் இவ்வகை மருந்து கலத்துக்குள் செய்யும் வேலை ஒழுங்கானது. கொழுப்பில் கரையும் தன்மையால் கல மென்சவ்வை அது இலகுவாகக் கடக்கிறது. உள்ளே தனக்கெனக் காத்திருக்கும் ஏற்பியுடன் இணைந்து கருவுக்குள் நுழைகிறது. அழற்சிப் பொருட்களை உண்டாக்கக் கட்டளையிடும் என்எஃப் கப்பா பி, ஏபி ஒன்று ஆகிய புரதங்களை அங்கே செயலற்றவையாக்குகிறது. இன்டர்லூக்கின்களும் டிஎன்எஃப் ஆல்பாவும் குறைகின்றன. அனெக்சின் என்ற புரதம் கூடி, புரோஸ்டகிளாண்டின் உற்பத்திக்கான மூலப்பொருளைக் கட்டுப்படுத்துகிறது. விரிந்த குழாய்கள் சுருங்குகின்றன, வீக்கம் வடிகிறது, நரம்பின் மேலிருந்த அழுத்தம் தளர்கிறது.

தொழுநோய் எதிர்வினைக்கு பிரெட்னிசொலோன் பொதுவாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கப்படும். அதன்பின் இரண்டு வாரத்துக்கொரு முறை 30, 20, 15, 10, 5 என்று படிப்படியாகக் குறைக்கப்படும். கிருமிகள் மிகுந்த நோயாளருக்கு இந்த முறை 24 வாரம் வரை நீளலாம். நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் உணர்ச்சியும் பலமும் மீள வாய்ப்பு உண்டு. பிந்தினால் மீட்பது அரிது. வைத்தியர் சொல்லாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்துகொண்டிருக்கையில் உடலின் சொந்தச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்கிறது. சர்க்கரை நோய், கண்புரை, எலும்புத் தேய்வு, உறங்கும் காசநோய் விழிப்பது ஆகியனவும் நீண்ட பாவனையின் விளைவுகள். ஸ்டெரொய்ட் கிருமியைக் கொல்வதில்லை, அழற்சியை மட்டுமே அடக்குகிறது. கிருமிக்கான மருந்தில்லாமல் அதை மட்டும் கொடுப்பது கிருமிக்கே துணைபோவதாகும்.

இரண்டாம் வகை எதிர்வினைக்கு வேறு இரண்டு மருந்துகளும் உதவின. 1964இல் எருசலேமில் யாக்கோபு ஷெஸ்கின், தலிடோமைட் அதைத் தணிப்பதைத் தற்செயலாகக் கண்டார். கருவிலுள்ள குழந்தைகளை ஊனமாக்கிய மருந்து என்பதால் அது இன்றும் கடும் கட்டுப்பாட்டுடனேயே தரப்படுகிறது. அயர்லாந்தின் டப்ளினில் வின்சன்ட் பாரியின் குழு உருவாக்கிய குளோஃபசிமைன், கிருமியையும் தாக்கி அழற்சியையும் தணிக்கிறது. ஆனால் தோலைச் செங்கருப்பாக்கிவிடும். வெயில் படும் முகத்திலும் கைகளிலும் அந்த நிறம் கூடுதலாகத் தெரியும். வயலிலும் வாவியிலும் வேலை செய்வோருக்கு அது நோயை அயலாருக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஆகிறது. அந்நிறம் மருந்து நின்ற பின் சிறிது சிறிதாக மங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் இடையில் விட்டுவிடுவர்.

தீவிலிருந்து கிளினிக்குக்கு

டாப்சோனுக்கு மசியாத கிருமிகள் தோன்றியதால், 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமைன் ஆகியவை அதில் சேர்ந்தன. இலங்கை 1983இல் அதை ஏற்றது. இன்று நோயின் அளவுக்கு ஏற்ப 6 அல்லது 12 மாதச் சிகிச்சை. முதல் மருந்து உட்கொண்ட சில நாட்களிலேயே நோயாளர் பிறருக்குத் தொற்ற வைக்கும் நிலையைப் பெரும்பாலும் இழக்கிறார். பிரித்து வைக்கும் வைத்தியத்துக்கு இதன் பின் மருத்துவ நியாயம் இல்லை.

1990இல் நாடெங்கும் வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி வழியாகப் பெரிய விழிப்புணர்வு இயக்கம் நடந்தது. தொழுநோய் மாறக்கூடியது என்று கேட்டறிந்தவர்கள் தாமாகவே கிளினிக்குக்கு வந்தனர். கண்டறியப்பட்டோர் தொகை அப்போது பெரிதும் உயர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற ஒழிப்பு இலக்கை இலங்கை எட்டியது. 2001இலிருந்து தொழுநோய்ச் சேவை பொதுச் சுகாதாரத்துடனும் வைத்தியசாலைத் தோல் கிளினிக்குகளுடனும் இணைக்கப்பட்டது. மட்டக்களப்பைப் பொறுத்தவரை இதே ஆண்டுகள் போரின் ஆண்டுகள். ஊர்கள் இடம்பெயர்ந்தன, வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வதே பெரும்பாடாக இருந்தது. வீடுவீடாகத் தேடும் பணிக்கு அது கடும் தடை.

மாந்தீவில் நோயாளர் தொகை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. நோய் மட்டும் மறைந்துவிடவில்லை. 2020க்கு முந்திய பல ஆண்டுகளில் இலங்கையில் ஆண்டுக்கு 1,500க்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் சிறுவர். கூடுதலாகக் கண்டறியப்படும் மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று.

பகல் வெளிச்சத்தில் ஒரு படை

நோயைக் கண்டுபிடிப்பதற்கு வெயிலே சிறந்த துணை. தோலைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது தொழுநோய்ப் பரிசோதனையின் அடிப்படை விதி. மின்விளக்கில் மங்கிய படைகள் தவறிப்போகும். வெயிலில் கறுத்த முதுகிலோ கையிலோ சுற்றுத்தோலை விட வெளிறிய, அல்லது செம்பு நிறமான படை தெரியும். ஊரில் அதைத் தேமல் என்றே முதலில் எண்ணுவர். தேமல் மெல்லச் செதிலாக உதிரும், உணர்ச்சி இருக்கும். தொழுநோய்ப் படை பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. வயல் வேலையில் உடலெல்லாம் வியர்த்தாலும் அந்த இடம் மட்டும் காய்ந்திருக்கலாம். மயிரும் அங்கே குறையலாம். பஞ்சு நுனியால் மெல்லத் தொட்டு, கண்ணை மூடியிருப்பவரைத் தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னால், படையின் மேல் தொட்டதை அவர் பல வேளைகளில் உணரமாட்டார். எல்லாப் படையிலும் உணர்ச்சி இழப்பு இராது என்பதால், சந்தேகம் இருந்தால் வைத்தியரே பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மருந்துக்கடைக் களிம்பு பெரிய கேடு செய்கிறது. வைத்தியரின் மருந்துச் சிட்டையின்றி வாங்கும் பல களிம்புகளிலும், நிறம் வெளுப்பதாகச் சொல்லி விற்கும் சில கிறீம்களிலும் வலிமையான ஸ்டெரொய்ட் இருக்கிறது. பூசியதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும். படர்தாமரையானால் அடியில் பூஞ்சணம் பரவி, அடையாளமே தெரியாத வடிவம் எடுக்கும். தொழுநோயானால் சிவந்த படை தற்காலிகமாக மங்கி, கிளினிக்குக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். மாதக்கணக்கில் பூசிய தோல் மெலிந்து, குழாய்கள் தெரிந்து, வெயிலைத் தாங்காததாகிவிடும். களிம்பு வெயிற் சிவப்பைக் குறைத்தாலும், கதிர் மரபணுவில் செய்த சேதத்தைத் திருத்துவதில்லை. இந்தக் கேட்டைக் கண்டே இந்தியா 2018இல் பல ஸ்டெரொய்ட் களிம்புகளைச் சிட்டையின்றி விற்பதைத் தடை செய்தது.

ஒரே மருந்து, உரிய கையில் கொடுக்கப்பட்டால் நரம்பைக் காக்கிறது. தெரியாமல் பூசினால் நோயை மறைக்கிறது. வாவிக்கரையில் இனி ஒருவரும் விரல் இழக்க வேண்டியதில்லை. அதற்குத் தேவையான மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. வெளிறிய, உணர்ச்சி குறைந்த படை எங்கு தெரிந்தாலும் களிம்பு தேடாமல் அருகிலுள்ள தோல் கிளினிக்குக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போக வேண்டும். சிகிச்சை நடக்கையில் நரம்பு வலித்தாலோ, கைகால் பலம் குறைந்தாலோ, அடுத்த கிளினிக் நாளைக் காத்திராமல் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.